தூதன் ஏன் அவ்வளவு நீளமாகப் பேசுகிறான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்னவன் இறந்துபோனான். பைக்கில் போனவனை லாரி அடித்துவிட்டது. அதை மறைத்து வைத்திருந்து கடைசியில் எடுத்து நீட்டி உங்களைத் திடுக்கிட வைக்கும் எண்ணம் எனக்கில்லை. அந்த வேலை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. நான் சொல்ல வந்தது, அன்றைக்கு அவனுடைய அண்ணன் உயிரோடு தரையில் கால் வைத்தாரா என்பதைப் பற்றி. அதைத் தன் கையில் வைத்திருந்த அவனுடைய அண்ணியைப் பற்றியும்தான்.

அந்த அண்ணியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் அக்கா என்பார்கள். மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஓர் அறை. அதில் ஒரு டெலிபோன் போர்டு, வரிசையாக விளக்குகள், காதில் மாட்டுகிற ஹெட்போன், முதுகுக்கு ஒரு தலையணை. பிரசவ விடுப்பில் போன ஒருத்திக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்து உட்கார்ந்தவர். போனவள் திரும்பவே இல்லை. அக்கா எழுந்திருக்கவே இல்லை. அவர் முகத்தை டாக்டர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. குரலை மட்டும் ஊரே அறியும்.

ஆஸ்பத்திரியில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. யாராவது இறந்துவிட்டால் போனில் அதைச் சொல்லக்கூடாது. "நிலைமை சீரியஸா இருக்கு, உடனே கிளம்பி வாங்க" என்றுதான் சொல்ல வேண்டும். வந்த பிறகு டாக்டர் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்வார். சொல்கிறவருக்கு முழுதும் தெரியும், கேட்கிறவருக்குப் பாதி தெரியும், மீதிப் பாதியை நம்பிக்கொண்டு கிளம்பி வருவார்கள். பிளாஸ்கில் வெந்நீர், மாற்றுத் துணி, நாலு ஆரஞ்சு என்று எடுத்துக்கொண்டு வருவார்கள். பிணத்துக்கு எதற்கு ஆரஞ்சு? அக்கா இந்தச் சீரியஸை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரோ. நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் மருந்துக்கடையில் நிற்பவன். நல்ல மனதோடு சொல்லப்படுகிற பொய் என்ன பாடு படுத்தும் என்று கொஞ்சம் தெரியும்.

எனக்கும் அக்காவுக்கும் பழக்கம் ஏற்பட்டது மாலைக் கல்லூரியில். வேலைக்குப் போகிறவர்களுக்கான பி.ஏ. இலக்கியம். பகலில் பொடிப்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில்தான் எங்களுக்கு வகுப்பு. பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். கரும்பலகையில் பின்னக்கணக்கு அழியாமல் கிடக்கும். ஒரு தையல்காரர், ஒரு பேங்க் காவலாளி, நான், அக்கா, இன்னும் சிலர். பாடம் எடுக்கிற மேடம் எங்கள் எல்லோரையும் விட வயதில் சின்னவர். ஆனால் பொறுமையில் எங்கள் எல்லோருக்கும் பெரியவர்.

அக்காவை இந்தப் படிப்பில் தள்ளிவிட்டதே கொழுந்தன்தான். தாய் இல்லாத பையன்; அண்ணி கையால் தின்று வளர்ந்தவன். வளர்ந்த பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டெலிவரி வேலை. "அண்ணி, போன்ல நீங்க பேசற பேச்சுக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம். இப்போதைக்கு பி.ஏ. வாங்கிக்கோங்க" என்று விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன். சாயங்காலம் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலில் நின்றபடி எல்லோர் காதிலும் விழும்படி, "நல்லா படிங்க, பக்கத்துல இருக்கறவங்களோட பேசாதீங்க" என்று கத்திவிட்டுப் போவான். அக்கா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அந்தச் சிரிப்பு வகுப்பு முடியும்வரை முகத்தில் இருக்கும்.

அந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாடம் ஒரு பழைய கிரேக்கத் துன்பியல் நாடகம். மொழிபெயர்ப்புத்தான். நகலெடுத்து நகலெடுத்துப் பாதி எழுத்து வெளிறிப்போன தாள்கள். மொழிபெயர்த்தவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் 'ஐயகோ' என்ற சொல்லின்மேல் அவருக்கு அப்படி ஒரு தீராத ஆசை. பக்கத்துக்குப் பக்கம் ஐயகோ. காவலாளி அண்ணன் ஒருநாள், "மேடம், இவங்களுக்குப் பல்வலி வந்தாக்கூட இதேதான் சொல்லுவாங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குப் பாடம் அதோடு போயிற்று.

கதை எங்களுக்கு ஓரளவு பிடிபட்டது. ஒரு ராஜகுடும்பம் ஒரே நாளில் அழிகிறது. ஆனால் மேடையில் யாரும் சாவதில்லை. சாவெல்லாம் கதவுக்குப் பின்னால், வேறெங்கோ. அதைப் பார்த்த ஒரு தூதன் ஓடிவந்து, நின்று, நடந்ததைச் சொல்வான். மேடம் இதை விளக்கியதும் அக்கா பளிச்சென்று நிமிர்ந்தார்.

"மேடம், அது என் வேலை!"

வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தூதனின் பகுதியை வாசிக்க வேண்டியது யார் என்பதில் அதன்பிறகு பேச்சே இல்லை. வீட்டில் ஒத்திகை வேறு நடந்தது. அக்கா தூதன், சின்னவன் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ராணி. மகன் செத்த செய்தியைக் கேட்டதும் ராணி சத்தமில்லாமல் உள்ளே போக வேண்டும் என்று தாளில் இருக்கிறது. இவனோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்து, உருண்டு, கீழே வந்து, அண்ணன் மடியில் உயிரை விடுவானாம்.

வாசித்து முடித்ததும் அக்கா மேடத்தைச் சும்மா விடவில்லை.

"எனக்கு ரெண்டு விஷயம் ஒத்துக்கல மேடம். இவன் வந்ததும் வராததுமா செத்துட்டாங்கன்னு போட்டு ஒடைக்கறான். எங்க ஆஸ்பத்திரில இவன வேலைக்கு வச்சா மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நாங்கல்லாம் அப்படியா சொல்றோம்? கொஞ்சம் மயக்கம், கொஞ்சம் ரத்தம் போயிருக்கு, சீரியஸ்... இப்படி எல்லாத்தையும் சொல்லுவோம், செத்தத மட்டும் சொல்ல மாட்டோம்."

"இன்னொண்ணு?"

"சரி, சொல்லிட்டான். சொல்லிட்டா வந்த வழியே போக வேண்டியதுதானே? அதுக்கப்புறம் எதுக்கு இத்தன பக்கம்? அங்க போனோம், இதப் பார்த்தோம், கதவு இப்படி இருந்துச்சு, கை இப்படி கெடந்துச்சுன்னு... பெத்த புள்ள செத்துக் கெடக்கறப்ப யாரு நின்னு இதக் கேப்பா?"

"பக்கத்துக்கு இவ்வளவுன்னு பேசி வந்திருப்பான்" என்றார் காவலாளி அண்ணன்.

மேடம் சிரிக்கவில்லை. தன்னிடம் புத்தகப் பதில் ஒன்று இருக்கிறது என்றும், அது அக்காவுக்குப் போதாது என்றும், அக்காவே யோசித்து எழுதிக்கொண்டு வரட்டும் என்றும் சொன்னார். பிறகு ராணி பேசாமல் உள்ளே போகும் இடத்துக்கு வந்தார். மேடையில் நிற்கிற ஊர்ப் பெரியவர்களுக்கு அவள் அழுதிருந்தால்கூடப் பயமில்லை, பேசாமல் போனதுதான் பயமாக இருக்கிறது; அவர்கள் பயந்தபடியே அவள் உள்ளே போய்த் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அக்கா மெல்லத் தலையாட்டினார். "அது சரிதான் மேடம். கத்தினா எனக்கும் பயமில்ல. லைன்ல சத்தமே வரலைன்னாதான் பயம்."

அன்று வெளியே வரும்போது அக்கா என்னிடம் ஒன்றைச் சொன்னார். எப்போதோ ஒருநாள் ஒரு தம்பியின் சாவுக்கு அண்ணனைக் கூப்பிட்டு வழக்கம்போலச் சீரியஸ் என்றாராம். அந்த மனிதர் தலைதெறிக்க வந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியை மோதி, தானும் ஒரு கேஸாக உள்ளே வந்தாராம். "பொழச்சுக்கிட்டாரு. ஆனா எனக்கு அன்னிக்குப் புரிஞ்சுது. செத்துட்டாங்கன்னு கேட்டவங்க உக்காருவாங்க. சீரியஸ்னு கேட்டவங்கதான் ஓடுவாங்க. இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கு, போய்ப் புடிச்சிடலாம்னு ஓடறாங்க பாவம்."

இனி அந்த நாள்.

காலையில் ஆஸ்பத்திரி முழுவதும் ஒரே சந்தடி. அவசரப் பிரிவிலிருந்து உள் இணைப்பில் சிஸ்டர் கூப்பிட்டாள். "அக்கா, ஒரு பைக் கேஸ். முடிஞ்சிருச்சு. வீட்டுக்குச் சொல்லணும், நம்பர் எழுதிக்கோங்க." அக்கா பேனாவை எடுத்தார். சிஸ்டர் எண்களைச் சொல்லச் சொல்ல எழுதினார். பாதியிலேயே மீதி எண்கள் அவருக்குத் தெரிந்துவிட்டன. சிஸ்டர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அக்காவின் கை நிற்கவில்லை. கடைசி எண்வரை எழுதிவிட்டுத்தான் நின்றது. அது அவருடைய கணவரின் எண்.

"போன்ல அண்ணன்னு போட்டிருந்துச்சுக்கா" என்றாள் சிஸ்டர், ஒன்றும் தெரியாமல்.

அதற்குள் போர்டில் இன்னொரு விளக்கு எரிந்தது. சின்னவன் வேலை பார்த்த கடையின் முதலாளி. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர்களில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "அம்மா, அவன் அண்ணனுக்கு விடாம போட்டுட்டே இருக்கேன், ஆஃப்ல இருக்கு. தம்பி சீரியஸ், உடனே வாங்கன்னு மெசேஜ் போட்டிருக்கேன்" என்றார். விஷயம் அவருக்கு முழுதாகத் தெரியும். குரல் உடைந்து, "செத்துட்டான்னு எப்படிம்மா மெசேஜ்ல போடறது?" என்றார்.

அந்த மெசேஜ்தான் அக்காவை நாற்காலியிலிருந்து எழுப்பியது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

அக்காவின் கணவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடம் கட்டும் இடங்களில் வானத்தைத் தொடுகிறமாதிரி நிற்குமே, அந்தக் கிரேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் அவர் ஒற்றை ஆள். ஏறவும் இறங்கவும் கம்பத்துக்குள்ளேயே செங்குத்தாக இரும்பு ஏணி. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாடும் மேலேதான். சுமை தூக்கும்போது போனை அணைத்து வைப்பது அவர் கட்டாயம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போட்டுப் பார்ப்பார். வேலையில் அவ்வளவு கண்டிப்பான மனிதருக்கு ஒரு கெட்ட பழக்கம். ஏணியில் இறங்கும்போது குரங்குச் சேட்டை. இடுப்புப் பெல்ட்டை மாட்டமாட்டார், படிகளைத் தாண்டித் தாண்டி இறங்குவார். சும்மா வீட்டுக்கு வருவதற்கே அப்படி இறங்குகிறவர், தம்பி சீரியஸ், உடனே வா என்று படித்தால் எப்படி இறங்குவார்?

மணி அப்போதே நண்பகலை நெருங்கிக்கொண்டிருந்தது. சைட் ஆபீசுக்குப் போன் செய்தால் என்ன ஆகும் என்று அக்காவுக்கு நன்றாகவே தெரியும். எடுக்கிறவர் நல்ல மனதோடு வாக்கிடாக்கியில் அதே சீரியஸைச் சொல்வார். அக்காவே அந்த வார்த்தைக்குப் பழகிய கைதானே.

வரவேற்பு மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு ஹெட்போனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அக்கா நேராகக் கட்டடப் பக்கம் ஓடவில்லை. அவசரப் பிரிவுக்குப் போனார். அத்தனை வருடம் அதே ஆஸ்பத்திரியில் இருந்தும், தான் யாருக்காகப் போன் செய்கிறோமோ அந்த முகத்தை அவர் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. அன்றைக்குத் திரையை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். சின்னவனின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தாடையில் மட்டும் ரோட்டு மண். முந்தானையால் துடைத்துவிட்டார். சிஸ்டருக்கு இப்போதுதான் உறைத்தது.

"அக்கா... எனக்குத் தெரியாதுக்கா..."

"பரவால்ல. எல்லாத்தையும் சொல்லு. கொண்டு வந்ததுலருந்து ஒண்ணு விடாம சொல்லு. அவனுக்கு நெனவு இருந்துச்சா? என்ன பேசினான்? யாரு பக்கத்துல இருந்தா?"

சிஸ்டர் அழுதுகொண்டே சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டார். யாராவது தன்னிடம் கேட்டால் தான் பார்த்ததாகச் சொல்ல வேண்டும், கேள்விப்பட்டதாகச் சொல்லக்கூடாது என்று அவருக்கு ஏன் தோன்றியது என்று எனக்குத் தெரியாது. அந்த நாடகத்தில் தூதன் பிடிவாதமாக அதைத்தான் சொல்வான்: நான் அங்கே இருந்தேன்.

டாக்சியில் ஏறி, டிரைவரிடம் இடத்தைச் சொல்லி, "மெதுவாப் போனாலும் பரவால்ல, நிக்காம போங்க" என்றாராம். வழியில் ஒவ்வொரு சிக்னல் விளக்கும் சிவப்பாகவே இருந்தது என்கிறார். இருக்கும், நம் அவசரம் அதற்கு எப்படித் தெரியும்? கிரேனின் நீண்ட கை கட்டடங்களுக்கு மேலே தெரிய ஆரம்பித்தது. அது திரும்பிக்கொண்டிருந்தது. திரும்புகிறவரை அவர் வேலையில் இருக்கிறார், போன் அணைந்திருக்கிறது. அக்கா கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சைட் வாசலில் நின்ற காவலாளி, ஹெல்மெட் போடாமல் உள்ளே விடமாட்டேன் என்றார். அக்கா வாங்கி மாட்டிக்கொண்டார். சைட்டின் நடுவில் சூப்பர்வைசரும், கிரேனுக்குக் கீழிருந்து வழிசொல்கிற சிக்னல்காரரும் நின்றிருந்தார்கள். மேலே, எல்லோர் தலைக்கும் மேலே, ஒரு கம்பிக்கட்டு சங்கிலியில் தொங்கிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. இதற்குமேல் நான் சொல்வதில் பாதி அக்கா சொன்னது, பாதி அந்தச் சிக்னல்காரர் எங்கள் கடைக்கு மாத்திரை வாங்க வந்தபோது சொன்னது.

அக்கா சூப்பர்வைசரிடம் நேராகச் சொல்லிவிட்டார். அவர் பதறிப்போய், "அய்யோ, மேல சொல்லாதீங்கம்மா. சும்மா எறங்கி வரச் சொல்லுவோம். கீழ வந்ததும் பக்குவமா சொல்லிக்கலாம்" என்றார். யோசனை கெட்ட யோசனை இல்லை. ஆனால் ஒன்றை எல்லோரும் மறந்துபோனார்கள். மேலே இருக்கிறவருக்குக் கீழே நடப்பதெல்லாம் தெரியும். ஆஸ்பத்திரிச் சீருடைச் சேலையும், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டுமாகச் சைட்டின் நடுவில் ஒரு பெண் நின்றால் அவருக்கு அடையாளம் தெரியாதா?

கம்பிக்கட்டு நின்றது. வாக்கிடாக்கி கரகரத்தது.

"கீழ நிக்கறது எங்க வீட்டுல தானே? என்ன ஆச்சு?"

சூப்பர்வைசர் படக்கென்று பொத்தானை அமுக்கி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. சும்மா வந்திருக்காங்க. நீங்க எறங்கி வாங்க" என்றார்.

ஒன்றுமில்லை, இறங்கி வா. இதைவிடப் பெரிய சங்கதி உலகத்தில் உண்டா? சுமை அந்தரத்தில் அப்படியே தொங்கியது. கண்ணாடிக் கூண்டின் கதவு திறப்பது கீழே இருந்தே தெரிந்தது. சுமை தொங்கும்போது கிரேன்காரர் கூண்டை விட்டு எழுந்ததைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார் சிக்னல்காரர். கம்பிக்கட்டுக்குக் கீழே நின்றவர்களை அவர் கத்தி விரட்டினார். ஆட்கள் சிதறி ஓடினார்கள். மேலே ஒரு கால் ஏணிப் பக்கம் வெளியே வந்தது. இனி அவர் ஏணிக்கு வந்துவிட்டால் வாக்கிடாக்கி கூண்டோடு நின்றுவிடும். எது சொன்னாலும் காதில் விழாது.

அக்கா வாக்கிடாக்கியைப் பிடுங்கினார்.

"உக்காருங்க! சின்னவன் செத்துட்டான்."

சைட் முழுக்க அத்தனை வாக்கிடாக்கிகளிலும் அது கேட்டது. கம்பி வெட்டுகிறவர் வெட்டுவதை நிறுத்தினார். சூப்பர்வைசர் அக்காவை ஒரு கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தாராம்.

வெளியே வந்த கால் அசையவில்லை. பிறகு உள்ளே போனது.

"செத்துட்டான்ங்க. ஓடி வந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல. நான் பார்த்துட்டுத்தான் வரேன். உக்காருங்க."

மேலேயிருந்து சத்தமே இல்லை. அழுகை இல்லை, ஐயகோ இல்லை, மூச்சுக்கூட இல்லை. லைனில் அக்கா எப்போதும் பயப்படுவாரே, அந்த மௌனம். இப்போது அது தலைக்கு மேலே, அவ்வளவு உயரத்தில், கதவு திறந்த ஒரு கூண்டுக்குள் இருந்தது. கூண்டுக்கு வெளியே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு மனிதர் இறங்காமலே கீழே வருவதற்கும் அங்கே வழி உண்டு. பொத்தானை விட்டால் பயம் வந்துவிடும் போலிருந்தது. விடவில்லை, பேச ஆரம்பித்தார்.

"காலைல பெரிய ரோட்டுத் திருப்பத்துலதான் நடந்துருக்கு. கடைலருந்து பெட்டி எடுத்துட்டுப் போயிருக்கான். லாரி பின்னாடி எடுக்கறது அவனுக்குத் தெரியல. டீக்கடைல இருந்தவங்கதான் தூக்கி ஆட்டோல போட்டுருக்காங்க. ரெண்டு பேரு கூடவே வந்துருக்காங்க, யாருன்னே தெரியல. ஒருத்தர் தன் சட்டையக் கழட்டி அவன் தலைக்குக் கீழ வச்சிருக்காரு. அந்தச் சட்டை இன்னும் அங்க கெடக்கு. நான் பார்த்தேன்."

அக்கா அண்ணாந்து, தொங்குகிற சுமையைப் பார்த்தார்.

"கம்பிக்கட்டக் கீழ வைங்க. ஆளுங்க நிக்கறாங்க, பாருங்க. மொதல்ல அத எறக்குங்க. நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், எங்கயும் போகல."

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சங்கிலி ஒருமுறை குலுங்கியது. கம்பிக்கட்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. அவர் கேட்கிறார் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். சுமை மண்ணில் உட்கார்ந்ததும் சிக்னல்காரர் கொக்கியைக் கழற்றினார். அக்கா நிறுத்தவில்லை.

"முகத்துல ஒரு காயம் இல்லைங்க. தாடைல மட்டும் மண்ணு ஒட்டியிருந்துச்சு, நான் தொடச்சுட்டேன். காலைல போட்டுட்டுப் போன அந்தக் கட்டம் போட்ட சட்டைதான். உள்ள கொண்டு போனப்ப டாக்டர் அங்கயே இருந்தாரு. உடனே பார்த்தாங்க. யாரும் காக்க வைக்கல. எல்லாம் செஞ்சாங்க. அடி வயித்துல உள்பக்கம், ஒண்ணும் செய்ய முடியல..."

இந்த இடத்தில்தான், என்னிடம் சொல்லும்போது, அக்கா கொஞ்சம் நிறுத்தினார். வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் அப்போது கிடைத்ததாம். தூதன் பேச ஆசைப்பட்டு நீளமாகப் பேசவில்லை. செத்துட்டான் என்று சொல்லிவிட்டு அவன் நகர்ந்துவிட்டால், கேட்டவருக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அவன் பேசுகிறவரைக்கும் அவர் நின்று கேட்டாக வேண்டும். எழுந்து எங்கேயும் போக முடியாது. சட்டை, மண், டாக்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவதெல்லாம் அதற்குத்தான். "அந்த ராணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம் அவன்" என்றார் அக்கா. "சீக்கிரம் முடிச்சுட்டான், அதான் அவ போயிட்டா."

ஆனால் அக்காவுக்கும் சொல்வது தீர்ந்துகொண்டே வந்தது. சட்டையைச் சொல்லியாயிற்று, டாக்டரைச் சொல்லியாயிற்று. பொத்தானை அமுக்கிய கட்டைவிரல் மரத்துப்போனது. மூச்சு வாங்குவதற்காக ஒரு கணம் விரலை எடுத்தார்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"அப்புறம்?"

அவ்வளவுதான் கேட்டார். குழந்தை கதை கேட்கிறமாதிரி. சிக்னல்காரர் திரும்பி நின்றுகொண்டார்.

"அப்புறம் சிஸ்டர் அவன் கையப் புடிச்சுக்கிட்டே இருந்துருக்காங்க. தனியா இல்லைங்க அவன்."

"வலிச்சுச்சாமா?"

இந்த இடத்தில் பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அக்காவுக்கு அதில் பழக்கமும் உண்டு. "வலிச்சிருக்குங்க" என்றார். "கொஞ்ச நேரம் நல்லாவே வலிச்சிருக்கு. ஊசி போட்டதுக்கு அப்புறம் கொறஞ்சிருக்கு. நெனவு இருந்துச்சு, எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் தெரியல. பேசியிருக்கான்."

"என்ன பேசினான்?"

அக்கா மேலே பார்த்தார். கண்ணாடியில் வெயில் அடித்ததால் முகம் தெரியவில்லை.

"உங்களப் பத்தித்தான். அண்ணனுக்குப் போன் போடாதீங்க சிஸ்டர், மேல இருப்பாரு. விஷயம் தெரிஞ்சா ஏணில தாண்டித் தாண்டி எறங்குவாரு, பெல்ட்டுகூட மாட்ட மாட்டாரு. அவரு வேலைய முடிச்சு எறங்கட்டும், அப்புறம் சொல்லுங்கன்னு சொல்லியிருக்கான். ரெண்டு மூணு தடவ அதையேதான் சொல்லியிருக்கான். அதுக்கப்புறம் பேசல."

இந்தமுறை மேலேயிருந்து சத்தம் வந்தது. பொத்தானை அமுக்கியது அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு முழு மனிதன் உடைகிற சத்தம். சைட்டில் இருந்த அத்தனை பேரும் அதை நின்று கேட்டார்கள். யாரும் வாக்கிடாக்கியை அணைக்கவில்லை.

அழுது ஓய்ந்தபின் மோட்டார் நின்றது. கிரேனின் கையைக் காற்றோடு திரும்ப விட்டுவிட்டு வர வேண்டும், அதுதான் முறை. அதையும் மறக்காமல் செய்தார். இடுப்பில் பெல்ட் மாட்டுவது தெரிந்தது. பிறகு இறங்கினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கொக்கியைக் கழற்றி, அடுத்ததில் மாட்டி, அது பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, அதன்பிறகே அடுத்த படி. இடையிலிருந்த தட்டுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. யாரும் சாப்பிடப் போகவில்லை. அண்ணாந்து பார்த்தபடி கழுத்து வலிக்க நின்றார்கள்.

அவர் கால் மண்ணில் பட்டதும், அதுவரை விறைப்பாக நின்ற அக்கா அப்படியே மடிந்து தரையில் உட்கார்ந்தார். கிரேன்காரர் ஓடிவந்து பக்கத்தில் குந்தினார்.

"ஏய், என்னப் பாரு. என்ன ஆச்சு உனக்கு? ஏதாவது பேசு."

அக்காவின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்துபோய் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பேசிடு. கத்திடு. இப்படி இருக்காத. பேசிடும்மா."

"அவனுக்குச் சாப்பாடு மூடி வச்சுட்டு வந்திருக்கேன்ங்க" என்றார் அக்கா. "மத்தியானம் வந்து சாப்பிடுவான்னு."

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.